லுகோ சாரின் மரப்பட்டறைக் கோர்ட்

எனக்கும் லுகோ சாருக்கும் நடுவில் இருந்தது ஒரே ஒரு சுவர். அதுவும் பேருக்குத்தான் சுவர், வெறும் அட்டை. இந்தப் பக்கம் என் சமையல் வகுப்பு, அந்தப் பக்கம் அவருடைய கோர்ட். நான் பிள்ளைகளுக்கு மாவு பிசையச் சொல்லிக் கொடுத்துக்கொண்டிருப்பேன். திடீரென்று அங்கேயிருந்து "அப்ஜெக்‌ஷன், யுவர் ஆனர்!" என்று ஓர் அலறல் வரும். பக்கத்தில் நிற்கிற பிள்ளையின் கையிலிருந்து முட்டை கீழே விழும். வருஷக்கணக்காக இதே கூத்துதான்.

எவாரிஸ்டோ லுகோ வக்கீல் இல்லை. இதை நான் முதலிலேயே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் அவர் வாயால் அது வரவே வராது. சட்டம் படித்தார், பட்டமும் வாங்கினார். ஆனால் இந்த டெக்சஸில் வக்கீல் லைசென்ஸ் பரீட்சை என்று ஒன்று இருக்கிறதே, அதை எழுதினார், எழுதினார், எழுதிக்கொண்டே இருந்தார். கடைசியில் பரீட்சைக்கே அலுத்துப்போயிருக்கும். யாராவது கேட்டால், "எனக்கும் அந்தப் பரீட்சைக்கும் ஒத்துப்போகல," என்பார், ஏதோ கட்டின பெண்டாட்டியைப் பிரிந்து வந்த மாதிரி. எத்தனை தடவை ஃபெயிலானார் என்று ஊரில் எல்லோருக்கும் தெரியும். அவருக்கு மட்டும் ஊருக்குத் தெரியாது என்று நினைப்பு.

எங்கள் மெஸ்கீட் கிரீக் உயர்நிலைப் பள்ளியில் அவர் சரித்திர வாத்தியாராகத்தான் சேர்ந்தார். அப்போது பக்கத்து ஊர்ப் பள்ளிக்கூடம் எங்கள் பிள்ளைகளையெல்லாம் அள்ளிக்கொண்டு போய்க்கொண்டிருந்தது. பள்ளி போர்டு கூடி, நாமும் ஏதாவது ஒரு மேக்னட் பிரிவு ஆரம்பிக்கணும், அதாவது காந்தம் மாதிரி நாலு ஊர்ப் பிள்ளைகளை இழுக்கிற விசேஷப் படிப்பு, என்று முடிவு பண்ணியது. என்ன படிப்பு என்று யாருக்கும் தெரியவில்லை. லுகோ சார் கையைத் தூக்கினார். "வக்கீலுக்கு முன்படிப்பு" என்றார். எல்லோருக்கும் கேட்க நன்றாயிருந்தது, உட்கார்ந்த இடத்திலேயே சரி சொல்லிவிட்டார்கள்.

மூடிக் கிடந்த மரப்பட்டறையைக் கொடுத்தார்கள். அந்த நேரம் பார்த்து மாவட்டக் கோர்ட்டுக்குப் புதுக் கட்டடம் வந்தது. பழைய கோர்ட்டின் ஜட்ஜ் மேடை, கூண்டு, ஜூரி நாற்காலி எல்லாவற்றையும் குப்பைக்குப் போட இருந்தார்கள். லுகோ சார் தன் மச்சானின் மாடு ஏற்றுகிற ட்ரெய்லரில் ஏற்றிக்கொண்டு வந்துவிட்டார். வந்த பிறகுதான் தெரிந்தது, அந்த மேடை உயரமான மண்டபத்துக்குச் செய்தது. மரப்பட்டறையின் கூரைக்குக் கீழே அதில் ஏறி உட்கார்ந்தால் தலை நேரே மின்விசிறிக்குப் போகும். அதனால் ஜட்ஜ் உட்கார்ந்தால் விசிறியை நிறுத்த வேண்டும் என்று ஒரு சட்டம் போட்டார். மே மாத வெயிலில் அந்த அறையில் நீதி வேர்த்து ஒழுகும். மேடையை வெட்டிக் குறைக்கலாமே என்று நான் ஒருமுறை சொன்னேன். பாதிரியாரிடம் போய் பலிபீடத்தை ரம்பத்தால் அறுக்கச் சொன்ன மாதிரி பார்த்தார்.

புதன்கிழமை கோட்டு தினம். மேக்னட் பிள்ளைகள் அத்தனை பேரும் கோட்டும் டையுமாக வருவார்கள். எல்லாம் பழைய துணிக் கடையில் எடுத்தது. தோள்பட்டை ஒருவனுக்கு முழங்கை வரை இறங்கும். காரச் சிப்ஸ் தின்ற சிவப்பு விரலோடு டையைச் சரிபண்ணுவான்கள். அம்மாக்களுக்கு அது போதும். ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து மெனூடோ சூப் குடிக்கப் போகிற இடத்தில் எல்லாம், "இவதான் எங்க வீட்டு லாயர்," என்று பத்தாம் வகுப்புப் பெண்ணைக் காட்டுவார்கள்.

சரி, அங்கே என்னதான் சொல்லிக் கொடுத்தார் என்கிறீர்களா? அப்ஜெக்‌ஷன். அதற்கு மேல் ஒன்றும் இல்லை என்றால் கொஞ்சம்தான் மிகை. மாநிலம் முழுக்க இந்த மாதிரிப் பிள்ளைகளுக்கு மாதிரி வழக்குப் போட்டி நடக்கும். அதில் யார் குற்றவாளி என்பது பெரிதில்லை. யார் கம்பீரமாக நின்றார்கள், யார் சரியான நொடியில் எதிர்த்தார்கள் என்பதற்குத்தான் மார்க். வழக்கில் தோற்றுவிட்டுக் கோப்பையோடு வரலாம். லுகோ சாருக்கு அது சொர்க்கம்.

"உண்மை என்னங்கறது நம்ம வேலையில்ல," என்பார். சுவர் வழியாக ஒவ்வொரு எழுத்தும் எனக்குக் கேட்கும். "அது ஜூரியோட தலைவலி. அப்ஜெக்‌ஷன் நேரத்துக்கு வந்துச்சா இல்லையா, அத பாருங்க."

அவருக்கு உயிரான விதி ஒன்று உண்டு. அடுத்தவர் சொன்னதாகக் கேள்விப்பட்டதை சாட்சி கோர்ட்டில் சொல்லக் கூடாது. சொன்னவரே வந்து சொல்ல வேண்டும். இந்த ஒன்றைப் பிள்ளைகளின் எலும்புக்குள் இறக்க என்ன பாடுபட்டார் தெரியுமா. தாழ்வாரத்தில் நடந்து போகும்போது யாருக்கென்றும் இல்லாமல், "எங்க மச்சான் சொன்னான்..." என்று ஆரம்பிப்பார். சுற்றிலும் இருக்கிற மேக்னட் பிள்ளைகள் சாப்பாட்டுத் தட்டைக் கீழே வைத்துவிட்டுத் துள்ளி எழுந்து, "அப்ஜெக்‌ஷன்! கேள்விப்பட்ட பேச்சு!" என்று கத்த வேண்டும். முதலில் கத்தினவனுக்கு மிட்டாய். நாயைப் பழக்குவது மாதிரிதான். சொல்லியும் பார்த்தேன், அவர் அதைப் பாராட்டு என்று எடுத்துக்கொண்டார்.

அந்தத் தொத்து நோய் என் வகுப்புக்கும் வந்தது. "சீரகத்த வறுக்காம போடாதீங்கன்னு எங்கம்மா சொல்லுவாங்க," என்று நான் வாயைத் திறந்தால் போதும், பின்னாலிருந்து ஒரு குரல்.

"அப்ஜெக்‌ஷன், டெலியா மிஸ். கேள்விப்பட்ட பேச்சு. உங்கம்மா நேர்ல வரணும்."

"எங்கம்மா கல்லறைல இருக்காங்க. நீ வேணா போய் சம்மன் குடுத்துட்டு வா. இப்ப சீரகத்த வறு."

என் அம்மாவை நேரில் வரச் சொன்னவள் ஸொரைடா. லுகோ சாரின் தலைமாணவி, அவருடைய தவப்பயன், எனக்குத் தலைவலி. அந்தப் பெண்ணுக்குக் குரல் என்றால் குரல், எண்ணெய்க் கிணற்றில் சங்கு ஊதின மாதிரி. வீட்டில் அவள் அம்மா, "நீ யாரோ பையன் கூட கார்ல போனியாமே, பக்கத்து வீட்டுக்காரி சொன்னா," என்று கேட்டாளாம். அதற்கும் இவள் எழுந்து நின்று அப்ஜெக்‌ஷன் சொன்னாளாம், அம்மா மேற்கொண்டு கேட்கத் தெரியாமல் விட்டுவிட்டாளாம். படிப்பால் ஒரு பிரயோஜனமாவது இருந்ததே என்று நினைத்துக்கொண்டேன்.

ஆனால் வக்கீல்? அதுதான் வரவில்லை. இத்தனை வருஷத்தில் அந்த மரப்பட்டறை ஒரு வக்கீலைக்கூடச் செய்து வெளியே அனுப்பவில்லை. இன்சூரன்ஸ் ஏஜென்ட்டுகள் வந்தார்கள். பழைய கார் விற்கிறவன் வந்தான். ரீகோ என்கிற பையன் போலீஸாகி எங்கள் பள்ளிக்கூட வாசலிலேயே துப்பாக்கியோடு நிற்கிறான். ஒருவன் நிஜக் கோர்ட்டுக்கே அடிக்கடி போகிறான், ஆனால் குற்றவாளிக் கூண்டுப் பக்கம்.

போன வருஷம் புது ஃபுட்பால் கோச் வந்தார். ஆட்டக்காரர்கள் வெயிட் தூக்க ஜிம் போதவில்லை, மைதானத்தை ஒட்டி இருக்கிற அந்த மரப்பட்டறை வேண்டும் என்றார். எங்கள் ஊரில் ஃபுட்பால் கோச் கேட்டால் மாதா கோயிலையே காலி பண்ணிக் கொடுப்பார்கள். பள்ளி போர்டின் தலைவி ஹேகடோர்ன் அம்மா, வீடு விற்கிற தரகர், எதைப் பார்த்தாலும் சதுர அடியாகத்தான் பார்ப்பாள். அவள் பொதுக் கூட்டத்தில் எல்லோர் முன்னாலும் கேட்டாள், "இந்தப் படிப்பு படிச்சு ஒரே ஒருத்தர், ஒருத்தராவது வக்கீலா ஆகியிருக்காங்களா, லுகோ சார்?"

ஃபுட்பால் டீமிலிருந்து எத்தனை பேர் பெரிய ஆட்டக்காரர்களானார்கள் என்று ஒருத்தரும் கேட்கவில்லை. அந்த டீம் கடைசியாக எப்போது ஜெயித்தது என்று கேட்டாலே இங்கே வெட்டுக்குத்து வரும்.

மரப்பட்டறைக் கோர்ட் கைவிட்டுப் போனால் லுகோ சாரைத் தண்டனை ரூமில் போடுவார்கள் என்று பேச்சு. வகுப்பில் அடித்துக்கொண்டு வெளியே அனுப்பப்பட்ட பிள்ளைகளை நாள் முழுக்க வாயைத் திறக்கவிடாமல் உட்கார வைக்கிற ரூம். வாழ்க்கையில் அவர் எழுந்து நின்று பேசின ஒரே கோர்ட் அந்த மரப்பட்டறைதான். அதையும் பிடுங்கிக்கொண்டு, யாருமே பேசக் கூடாத ரூமில் அவரைக் கொண்டுபோய் வைப்பதா? நான் அவரை ஆயிரம் கிண்டல் பண்ணுவேன், அது வேறு. இதைக் கேட்டு எனக்கு வயிறு எரிந்தது.

சும்மா இருந்திருந்தால்கூட யாராவது பரிதாபப்பட்டு விட்டிருப்பார்கள். லுகோ சார் எழுந்து டையைச் சரிபண்ணிக்கொண்டார். "என் பிரிவை மூடறதா இருந்தா முறைப்படி விசாரிச்சு மூடுங்க. எங்க கோர்ட்லயே விசாரணை நடக்கட்டும். போர்டு மெம்பர்ங்க ஜூரியா உட்காரட்டும், நீங்க ஜட்ஜா உட்காருங்க. என் பிள்ளைங்க வாதாடுவாங்க. கோர்ட்ல வராத எதுவும் கணக்குல வரக்கூடாது. தீர்ப்பு சொன்னா சொன்னதுதான், மறுபேச்சு கிடையாது."

ஹேகடோர்ன் அம்மாவுக்கு இதெல்லாம் ஒன்றும் காதில் விழவில்லை. "அந்தச் சுத்தியல் எனக்கு குடுப்பீங்களா?" என்று கேட்டாள். கொடுப்பார்கள் என்று தெரிந்ததும் சம்மதித்துவிட்டாள்.

விசாரணை ஒரு வியாழக்கிழமை சாயங்காலம், பள்ளிக்கூடம் விட்ட பிறகு. வருகிறவர்களுக்குக் கொடுக்கப் மாவுக்குள் பூசணிக்காய் வைத்து மடித்து எம்பனாடா சுட்டுக்கொண்டிருந்தேன். அப்போது அம்பாரோ உள்ளே வந்தாள். ஊரில் பாதிப் பேருக்கு முடி வெட்டிச் சாயம் போடுகிறவள். வாயை மூடியே நான் பார்த்ததில்லை. மகள் பெர்லா லுகோ சாரின் பழைய மாணவி, அதனால் திருப்தியான பெற்றோர் என்று அவளையும் சாட்சியாகப் போட்டிருந்தார்கள். அன்றைக்குத் தலையைச் சிலுப்பிச் சிங்காரித்து வந்தாள். ஆனால் என்னமோ பேசாமல் நின்றாள். எனக்கு உடனே சந்தேகம்.

"என்னடி ஆச்சு? பல்லு வலியா?"

"டெலியா, யார்ட்டயும் சொல்ல மாட்டேன்னு மாதா மேல சத்தியம் பண்ணு."

பண்ணினேன்.

"காலைல பெர்லா ஹூஸ்டன்லேருந்து போன் பண்ணினா. வக்கீல் பரீட்சை பாஸாம். எல்லாரும் அவ இன்சூரன்ஸ் ஆபீஸ்ல இருக்கான்னுதான நினைச்சிட்டு இருக்கீங்க? ராத்திரில சட்டக் காலேஜ் போயிருக்கா. ஃபெயிலானா அசிங்கம்னு ஒருத்தருக்கும் சொல்லல, எனக்கே இன்னிக்கு காலைலதான் தெரியும்."

கையிலிருந்த தட்டைக் கீழே வைத்தேன். அவளைக் கட்டிப்பிடித்துக்கொண்டேன், மாவோடு. "இப்பவே போய் லுகோ சார்கிட்ட சொல்லு, போ."

"அங்கதான் சொல்லுவேன். கூண்டுல ஏறி, எல்லார் முன்னாடியும். அந்த ஹேகடோர்ன் மூஞ்சிய நான் பாக்கணும். ரொம்ப நாளா எங்கிட்ட முடி வெட்டிட்டு டிப்ஸே குடுக்காதவ." அந்த ஆசையை நான் குறை சொல்ல மாட்டேன். அவள் இடத்தில் நான் இருந்தாலும் அதைத்தான் செய்திருப்பேன்.

கோர்ட் நிரம்பி வழிந்தது. ஹேகடோர்ன் அம்மா மேடையில் ஏறினாள், விசிறி நின்றது. உட்காரும் முன்னாலேயே சுத்தியலைத் தட்டினாள். பிறகு காரணம் இல்லாமல் இன்னொரு முறை தட்டினாள். போர்டுக்காகப் பேச வந்தவர் மெக்கிட்ரிக், நிஜ வக்கீல், வேர்வையில் சட்டை ஒட்டிக்கொண்டு எப்போது வீட்டுக்குப் போகலாம் என்று பார்த்துக்கொண்டிருந்தார். இந்தப் பக்கம் ஸொரைடா. லுகோ சார் அவள் பின்னால் முதல் பெஞ்சில், கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். நான் கதவோரம் எம்பனாடா தட்டோடு நின்றேன்.

அம்பாரோ கூண்டில் ஏறினாள். ஸொரைடா கேட்டாள், "உங்க பொண்ணு இந்தப் பிரிவுல படிச்சாங்க, ஆமாவா இல்லையா?"

"ஆமா, அதுமட்டுமில்ல, அவ இப்ப..."

"ஆமா இல்லன்னு மட்டும் சொல்லுங்க போதும். இந்தப் படிப்புல உங்களுக்கு திருப்தியா?"

"திருப்தின்னா சும்மாவா, இன்னிக்கு காலைல..."

"ஆமாங்கிறதா எடுத்துக்கிறேன். நன்றி. எனக்கு வேற கேள்வி இல்ல."

சாட்சியை நம் கைக்குள் வைத்துக்கொள்ள வேண்டும், வளவளவென்று பேசவிடக் கூடாது என்று அதையும் சார்தான் சொல்லிக் கொடுத்திருந்தார். அம்பாரோ திறந்த வாயோடு நின்றாள். ஊரிலேயே அதிகம் பேசுகிற பெண் பிள்ளையை ஊமையாக்கிவிட்டார்கள். நான் பல்லைக் கடித்துக்கொண்டிருந்தேன்.

அப்புறம் மெக்கிட்ரிக் எழுந்தார். அவருக்கு நேரத்தைப் போக்க வேண்டும், அவ்வளவுதான். "சொல்லுங்கம்மா, உங்க பொண்ணு இப்ப என்ன பண்றாங்க?" என்றார். எதிராளி தானாகக் கதவைத் திறந்துவிட்டார்.

அம்பாரோ நிமிர்ந்தாள். ஹேகடோர்ன் அம்மாவை ஒரு பார்வை பார்த்தாள். "இன்னிக்கு காலைல என் பொண்ணு போன் பண்ணி சொன்னா..."

"அப்ஜெக்‌ஷன், யுவர் ஆனர்! கேள்விப்பட்ட பேச்சு!"

ஸொரைடா எழுந்த வேகத்தில் நாற்காலி பின்னால் சாய்ந்தது. அந்தக் குரலில் ஜன்னல் அதிர்ந்தது. கூட்டத்தில் மேக்னட் பிள்ளைகள் கை தட்டினார்கள். மெக்கிட்ரிக் அவளைத் திரும்பிப் பார்த்தார். எதற்கு இந்தப் பெண் இப்படிப் பண்ணுகிறாள் என்று அவருக்கு விளங்கவில்லை. லுகோ சாருக்கு விளங்கியது. முகம் அப்படியே மலர்ந்துவிட்டது. சரியான நொடி, சரியான விதி. கட்டின கை பிரிந்து தொடையில் ஒரு தட்டு தட்டினார்.

"சஸ்டெய்ன்ட்," என்றாள் ஹேகடோர்ன் அம்மா, அதாவது ஆட்சேபத்தை ஏற்றுக்கொண்டாளாம். சினிமாவில் பார்த்திருப்பாள். சுத்தியலால் ஓங்கி ஒரு போடு போட்டாள்.

"இல்லங்க, அவ போன்ல என்ன சொன்னான்னா..."

மறுபடி சுத்தியல். "அடுத்தவங்க சொன்னது வேண்டாம். உங்க கண்ணால பார்த்தத மட்டும் சொல்லுங்க."

"கண்ணாலயா?" அம்பாரோவுக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. "கண்ணால பார்த்தது... போன கிறிஸ்துமஸ்ல போனப்ப, இன்சூரன்ஸ் ஆபீஸ்ல ஃபைல் அடுக்கிட்டு இருந்தா."

"நன்றிம்மா," என்று மெக்கிட்ரிக் உட்கார்ந்துவிட்டார்.

அதற்கு மேல் என்னால் முடியவில்லை. சத்தியமாவது ஒன்றாவது, முன்னால் போய் ஜூரிக்கு எதிரே இருந்த தடுப்புக் கட்டையில் தட்டை டொக்கென்று வைத்தேன். "அடப்பாவிகளா, அந்தம்மாவ பேச விடுங்க. அந்த பொண்ணு வக்..."

சுத்தியல் என் குரலை முழுங்கிவிட்டது. "பார்வையாளர் பேசக்கூடாது. வெளியே கொண்டுபோங்க."

ரீகோ வந்தான். இடுப்பில் துப்பாக்கி, முகத்தில் பரிதாபம். "மிஸ், மன்னிச்சுக்கோங்க. கோர்ட் மரியாதைன்னு சார்தான் சொல்லிக் குடுத்தாரு."

"உனக்கு நான் எத்தன எம்பனாடா குடுத்திருப்பேன்டா?"

"தெரியும் மிஸ். வாங்க." என் கையைப் பிடித்துக் கூட்டிக்கொண்டு போய் வெளியே விட்டான்.

வெளியே நிற்கும்போதே கேட்டுவிட்டது. ஜூரி எழுந்துகூடப் போகவில்லை, உட்கார்ந்த இடத்திலேயே கை தூக்கினார்கள். விசிறி இல்லாத அந்த அறையில் யாரும் மேற்கொண்டு யோசிக்கத் தயாராக இல்லை. ஜிம் வருகிறது. ஹேகடோர்ன் அம்மா வெளியே வந்தபோது நான் அவள் பாதையை மறித்து நின்று எல்லாவற்றையும் சொன்னேன். ஒரு கணம் நின்றாள். அப்புறம் சொன்னாள், "பாவம்தான். ஆனா கோர்ட்ல வராதது கணக்குல வராதுன்னு உங்க ஆளுதான சொன்னாரு?" சுத்தியலை லுகோ சாருக்குத் திருப்பிக் கொடுக்கவே இல்லை, கைப்பையில் போட்டுக்கொண்டு போய்விட்டாள்.

நான் உள்ளே போனேன். கூட்டம் கலைந்திருந்தது. யாரோ விசிறியைப் போட்டிருந்தார்கள். அம்பாரோ கூண்டிலிருந்து இறங்கவே இல்லை, அங்கேயே உட்கார்ந்து லுகோ சாரிடம் சொல்லிக்கொண்டிருந்தாள். அவர் சாட்சிக் கூண்டுக்கு முன்னால் நின்று கேட்டுக்கொண்டிருந்தார். ஸொரைடா பெஞ்சில் முகத்தை மூடிக்கொண்டு விம்மினாள்.

"நான்தான் சார் கெடுத்தேன். எல்லாத்தையும் நான்தான் கெடுத்தேன்."

"இல்லம்மா," என்றார் லுகோ சார். "அப்ஜெக்‌ஷன் சரிதான். அது கேள்விப்பட்ட பேச்சுதான்." அந்த நேரத்திலும் இதைச் சொல்ல இந்த மனுஷனுக்கு வாய் வந்ததே. எனக்கு அவரை ஒரு அறை விட வேண்டும் போலவும் இருந்தது, பக்கத்தில் உட்கார்ந்து அழ வேண்டும் போலவும் இருந்தது.

பிறகு அவர் அம்பாரோவைப் பார்த்து, ரொம்பத் தணிந்த குரலில் கேட்டார், "முதல் தடவையிலேயே பாஸா?"

"முதல் தடவையிலேயே, சார்."

தலையை ஆட்டினார். "க்ளாஸ்ல வாயே திறக்க மாட்டா. ஒரு அப்ஜெக்‌ஷன் சொன்னதில்ல. சும்மா ஒக்காந்து எல்லார் பேசறதையும் கேட்டுட்டே இருப்பா. நான் அவள உருப்பட மாட்டான்னு நினைச்சேன்." ஜட்ஜ் மேடையின் படியில் உட்கார்ந்தார். கழுத்திலிருந்து டையை இழுத்துத் தளர்த்தினார். அதை நான் பார்த்ததே இல்லை. "இன்னும் என்ன சொன்னா? ஒண்ணு விடாம சொல்லுங்க."

அம்பாரோ கண்ணைத் துடைத்துக்கொண்டு, காலையிலிருந்து அடக்கி வைத்திருந்த மூச்சையெல்லாம் சேர்த்து ஆரம்பித்தாள்.

"'லுகோ சார்கிட்ட சொல்லும்மா'ன்னா. பரீட்சைல கேள்விப்பட்ட பேச்சு பத்தி ஒரு கேள்வி வந்துச்சாம். ஹால்ல எல்லாரும் முழிச்சிட்டு இருந்தாங்களாம். இவளுக்கு மட்டும் நீங்க தாழ்வாரத்துல கத்தறது காதுல கேட்டுச்சாம். அப்புறம் அவ என்ன சொன்னான்னா..."

பெஞ்சில் ஸொரைடா பாதி எழுந்தாள். நான் அவள் தோளைப் பிடித்து உட்கார வைத்தேன்.